ஒளி, நானோ துகள், எதிர்ப்பாற்றல்: தோல் புற்றுநோய்க்கான புதிய சிகிச்சை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ஒருவருக்குத் தோல் புற்றுநோய் என்று பயாப்சி முடிவு வந்ததும் எல்லோரும் இணையத்தில் தேட ஆரம்பிக்கிறோம். "நானோ துகளும் லேசரும் சேர்ந்து கட்டியைக் கரைத்தன" என்கிற மாதிரித் தலைப்புகள் கண்ணில் படுகின்றன. படித்ததும் நெஞ்சில் நம்பிக்கை துளிர்க்கிறது. அந்தச் செய்தி எலியைப் பற்றியதா மனிதரைப் பற்றியதா என்பது பல நேரம் கடைசிப் பத்தியில்தான் இருக்கும். எது இன்று கிடைக்கும் சிகிச்சை, எது இன்னும் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது என்று பிரித்துக் காட்டவே இந்தப் பக்கம்.

வெறும் வெளிச்சத்தால் புற்றுநோய் செல்லைக் கொல்ல முடியுமா?

வெளிச்சம் மட்டும் போதாது. அதை உறிஞ்சி வேறொன்றாக மாற்றித்தரும் ஒரு பொருள் கூடவே வேண்டும். 1900-ல் மியூனிக்கில் ஆஸ்கர் ராப் என்ற மருத்துவ மாணவர், அக்ரிடின் சாயம் கலந்த நீரில் பாரமீசியம் என்ற ஒற்றைச் செல் உயிரிகளை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயத்தின் அளவு மாறவில்லை. ஆனாலும் ஒரு நாள் அவை சீக்கிரம் செத்தன, இன்னொரு நாள் வெகுநேரம் பிழைத்திருந்தன. அறையில் அன்றன்று இருந்த வெளிச்சம்தான் வித்தியாசம் என்று தெரியவந்தது. அவருடைய ஆசிரியர் ஹெர்மன் ஃபான் டாப்பைனர், 1903-ல் இயோசின் சாயத்தைத் தோல் கட்டிகளில் தடவி ஒளி பாய்ச்சிப் பார்த்தார். ஆக, இந்த சிகிச்சை பிறந்ததே தோலின் மீதுதான்.

இன்று இரண்டு வழிகள் உண்டு. ஒன்று ஒளி இயக்க சிகிச்சை; மருத்துவமனைகளில் பி.டி.டி. என்பார்கள். ஒளியூக்கி மருந்து வெளிச்சம் பட்டதும் பக்கத்திலிருக்கும் ஆக்சிஜனை முறுக்கேற்றி, செல்லை அரிக்கும் பொருளாக மாற்றுகிறது. மற்றொன்று ஒளிவெப்ப சிகிச்சை. இதில் துகள் ஒளியை வெப்பமாக மாற்றிக் கட்டியைச் சுடுகிறது. முதலாவது ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது. வெயிலால் தோலில் உண்டாகும், பின்னாளில் புற்றாக மாறக்கூடிய சொரசொரப்பான திட்டுகளுக்கு அமினோலெவுலினிக் அமிலம் என்ற ஒளியூக்கி மருந்தை அமெரிக்கா 1999-ல் அங்கீகரித்தது.

இதில் நோய் எதிர்ப்பாற்றல் எங்கே வருகிறது?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

நம் உடம்பில் நாள்தோறும் கோடிக்கணக்கான செல்கள் சாகின்றன. பெரும்பாலானவை சத்தமில்லாமல் சாகும். சுருங்கி, துண்டுகளாகி, பக்கத்துச் செல்களால் விழுங்கப்பட்டு, தடயமில்லாமல் போய்விடும். எதிர்ப்பு மண்டலம் அதைக் கண்டுகொள்ளாது. கண்டுகொள்ளவும் கூடாது, கண்டுகொண்டால் சொந்த உடம்பையே தாக்கத் தொடங்கிவிடும். ஒரு புற்றுநோய் செல்லும் இப்படி ஊமையாகச் செத்தால் அந்த ஒரு செல்லோடு கதை முடிந்தது. அதன் கூட்டாளிகளைப் பற்றி யாருக்கும் தகவல் போகாது.

ஒளி இயக்க சிகிச்சையிலும், சரியான அளவு வெப்பத்திலும், செல்கள் வேறு விதமாகச் சாக முடியும். கூச்சல் போட்டுக்கொண்டு சாகின்றன என்றே சொல்லலாம். வழக்கமாகச் செல்லுக்குள்ளேயே இருக்கும் கால்ரெட்டிகுலின் என்ற புரதம் மேற்பரப்புக்கு வந்து, "என்னை வந்து தின்னு" என்று அழைக்கிறது. செல்லின் எரிபொருளான ஏடிபி வெளியே கசிந்து காவல் செல்களை வரவழைக்கிறது. உட்கருவில் இருக்கவேண்டிய எச்எம்ஜிபி1 என்ற புரதம் வெளியே சிதறி அபாயமணி அடிக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்தால், டென்ட்ரைட்டிக் செல் என்ற கிளைகள் கொண்ட காவல் செல் ஓடிவந்து இறந்த செல்லின் துண்டுகளைப் பொறுக்கிக்கொள்கிறது. அவற்றை அருகிலுள்ள நிணநீர்க் கணுவுக்குத் தூக்கிக்கொண்டு போய், அங்கே காத்திருக்கும், எதிர்ப்பு மண்டலத்தின் போர்வீரர்களான டி செல்களிடம் காட்டுகிறது. அந்த அடையாளத்துக்குப் பொருந்தும் டி செல்கள் பெருகி, ரத்தத்தில் கலந்து, அதே முகமுள்ள செல்களைத் தேடிப் புறப்படுகின்றன.

கட்டியே அதன் தடுப்பூசியாக மாறுகிறது. ஒவ்வொருவருடைய கட்டியிலும் மரபணுப் பிறழ்வுகள் வேறு வேறு. எந்தப் பிறழ்வு யாருக்கு இருக்கிறது என்று முன்கூட்டியே கண்டுபிடித்துத் தனித்தனியாகத் தடுப்பூசி செய்வது பெரும்பாடு. இங்கே அந்த வேலையே இல்லை. அவரவர் கட்டியின் சிதைவே மாதிரியாகப் போகிறது.

அதற்கு நானோ பொருள் எதற்கு? மருந்தை நேரடியாகப் போட்டால் ஆகாதா?

தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 80,000 முதல் 1,00,000 நானோமீட்டர். நாம் பேசும் துகள்கள் பெரும்பாலும் சில நானோமீட்டரிலிருந்து 200 நானோமீட்டருக்குள் அடங்கும்.

முதல் தேவை மருந்தின் குணத்திலிருந்து வருகிறது. பல ஒளியூக்கிகள் தண்ணீரில் கரையாமல் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிதட்டிப் போகும். கட்டிதட்டினால் ஒளியைப் பயன்படுத்தும் திறனும் போய்விடும். கொழுப்பு உறையிலோ பாலிமர் உருண்டையிலோ அடைத்தால் பிரிந்தே இருக்கும். இரண்டாவது தேவை தோலின் மேல் ஓடு. அந்த மெல்லிய படலம் பெரும்பாலான மருந்துகளை உள்ளே விடாது. அமெலுஸ் என்ற களிம்பு இதற்காகவே நானோ குழம்பாகச் செய்யப்பட்டது. அமினோலெவுலினிக் அமிலத்தை மிக நுண்ணிய கொழுப்புத் துளிகளோடு சேர்த்துத் தோலுக்குள் கொண்டுபோகிறது. ஐரோப்பாவில் 2011-லும் அமெரிக்காவில் 2016-லும் இதற்கு அங்கீகாரம் கிடைத்தது. "நானோ" என்ற சொல் தோல் மருத்துவரின் அறைக்குள் எப்போதோ வந்துவிட்டது என்பதற்கு இதுவே சாட்சி.

மூன்றாவது காரணம்தான் எதிர்ப்பாற்றலோடு சேர்ந்தது, என் பார்வையில் முக்கியமானதும் அதுதான். ஒரே துகளுக்குள் பல வேலைக்காரர்களை ஏற்றலாம். சீனாவின் சூச்சோவ் பல்கலைக்கழகக் குழு 2016-ல் வெளியிட்ட ஆய்வு நல்ல உதாரணம். உடம்பில் தானே கரையும் தையல் நூலுக்குப் பயன்படும் வகைப் பாலிமரில் உருண்டை செய்தார்கள். உள்ளே இன்டோசயனின் கிரீன் என்ற சாயத்தையும் இமிகுவிமோட் என்ற எதிர்ப்பாற்றல் தூண்டியையும் வைத்தார்கள். சாயம் அண்மை அகச்சிவப்பு ஒளியை (சிவப்பை அடுத்து வரும், கண்ணுக்குத் தெரியாத ஒளி) வெப்பமாக்கிக் கட்டியைச் சிதைத்தது. அதே இடத்தில் வெளிப்பட்ட இமிகுவிமோட் காவல் செல்களை எழுப்பியது. டி செல்லின் பிரேக்கை விடுவிக்கும் மருந்தையும் கூடக் கொடுத்தபோது, எலிகளில் ஒளி படாத தூரத்துக் கட்டிகளும் அடங்கின. கூச்சலும் அதைக் கேட்கும் காதும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருந்தாகவேண்டும். இரண்டையும் தனித்தனியாக ஊசியில் போட்டால் அந்தச் சந்திப்பு தற்செயலைப் பொறுத்தது. துகள் அதை உறுதிசெய்கிறது.

எந்தெந்தத் துகள்களைச் சோதிக்கிறார்கள்?

தங்கத்துக்குத்தான் பேர் அதிகம். சாதாரணத் தங்க நானோ உருண்டை பச்சை ஒளியைத்தான் நன்றாக உறிஞ்சும். பச்சை ஒளி தோலுக்குள் அதிக தூரம் போகாது. அதையே குச்சி வடிவத்திலோ, மணல் போன்ற சிலிக்கா உருண்டைமேல் பூசிய மெல்லிய ஓடாகவோ செய்தால், உறிஞ்சும் நிறம் அண்மை அகச்சிவப்புக்கு நகர்ந்துவிடும். பொருள் ஒன்றே, உருவத்தை மாற்றினால் நிறம் மாறுகிறது. இப்படிப்பட்ட தங்க ஓடுகளை அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் உருவாக்கி, 2003-ல் எலிக் கட்டிகளைச் சுட்டுக் காட்டினார்கள்.

இவை தவிர கொழுப்பு உறைகள், கார்பன் குழாய்கள், கிராஃபீன் ஆக்சைடு என்று பட்டியல் நீளும். எல்லாவற்றையும் இங்கே விவரிக்கத் தேவையில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். லாந்தனைடு உலோகங்கள் கலந்த சில படிகத் துகள்கள், கண்ணுக்குத் தெரியாத 980 நானோமீட்டர் ஒளியை வாங்கி, கண்ணுக்குத் தெரியும் ஒளியாகத் திருப்பித் தருகின்றன. ஆழமாகப் போகக்கூடிய ஒளியை உள்ளே அனுப்பி, ஒளியூக்கிக்குத் தேவையான நிறத்தை அங்கேயே பிறப்பிக்கும் உத்தி இது.

தோல் புற்றுநோய்க்கு மட்டும் இது ஏன் அதிகம் பேசப்படுகிறது?

கட்டி வெளியே இருக்கிறது, விளக்கை நேராகக் காட்டலாம். நீல ஒளி தோலுக்குள் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டுவதே அரிது. சிவப்பு ஒளி சில மில்லிமீட்டர் போகும். ஏறத்தாழ 650 முதல் 950 நானோமீட்டர் வரை ரத்தமும் தண்ணீரும் ஒளியைக் குறைவாகவே தடுப்பதால், அந்த ஜன்னல் வழியே இன்னும் ஆழமாகப் போகலாம். கூடவே, தோலில் காவல் செல்கள் நிறைந்திருக்கின்றன. பாடம் கற்பிக்க ஆசிரியர்கள் ஏற்கெனவே வகுப்பறையில் தயாராக இருக்கிறார்கள்.

சூடாக்குவது நல்லதா, ஆக்சிஜனை முறுக்கேற்றுவது நல்லதா?

இரண்டுக்கும் தனித்தனிச் சிக்கல்கள் உண்டு. வெப்பத்தில் அளவுதான் எல்லாம். 50 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் செல்கள் வேகமாகச் சாகும். ஆனால் அதிகமாகச் சுட்டால் முட்டை வெந்தது போலப் புரதங்கள் உறைந்துபோகும். ரத்த நாளங்கள் அடைபட்டு, காவல் செல்கள் உள்ளே வர வழியில்லாமல் போகும். செல் செத்துவிட்டது, கூச்சல் மட்டும் கேட்கவில்லை. குறைவாகச் சூடாக்கினால் தப்பிப் பிழைக்கும் செல்கள் வெப்பத்தைத் தாங்கும் புரதங்களை உண்டாக்கிக்கொண்டு இன்னும் முரண்டுபிடிக்கும். அதனால்தான் சிகிச்சையின்போதே வெப்பநிலையை அளந்துகொண்டிருப்பது அவசியமாகிறது.

ஒளி இயக்க முறைக்கு ஆக்சிஜன் வேண்டும். கட்டியின் நடுப்பகுதியில் அது எப்போதும் பற்றாக்குறை, இருப்பதையும் இந்த சிகிச்சை செலவழித்துவிடும். ஒளியை விட்டுவிட்டுப் பாய்ச்சினால், இடைவெளியில் ரத்தம் புது ஆக்சிஜனைக் கொண்டுவரும். மாங்கனீசு டை ஆக்சைடு நானோ துகள்கள் இன்னொரு வழி. கட்டிக்குள் தேங்கும் ஹைட்ரஜன் பெராக்சைடை உடைத்து, அங்கேயே ஆக்சிஜன் தயாரிக்கின்றன.

மெலனோமாவில் (தோலின் நிறமிச் செல்களில் தொடங்கும் புற்று) கறுப்பு நிறமி அதிகமாயிற்றே. அது ஒளியைத் தடுக்காதா? தோல் நிறம் கறுப்பாக இருப்பவர்களுக்கு?

தடுக்கும், அதுவும் இரண்டு வழியில். மெலனின் என்ற அந்தக் கறுப்பு நிறமி ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது. ஒளியூக்கி உண்டாக்கும் அரிக்கும் பொருள்களையும் அணைத்துவிடுகிறது. மேலோட்டமான அடித்தள செல் புற்றுக்கு நன்றாக வேலைசெய்யும் ஒளி இயக்க சிகிச்சை, மெலனோமாவுக்கு வழக்கமான சிகிச்சையாக இடம்பெறாததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் அதே மெலனின் ஒளிவெப்ப முறைக்குத் துணையாகிறது. உறிஞ்சிய ஒளியில் பெரும்பகுதியை அது வெப்பமாக மாற்றிவிடும். மெலனினைப் போலவே இருக்கும் பாலிடோபமின் என்ற பொருளில் நானோ துகள் செய்து சோதிப்பவர்கள் இந்தக் குணத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். 2017-ல் வெளியான ஓர் ஆய்வில், மெலனோமா செல்களின் சிதைவை, அதிலுள்ள மெலனினோடு சேர்த்தே, நுண்ணூசிப் பட்டையில் ஏற்றி எலிகளின் தோலில் ஒட்டினார்கள். அண்மை அகச்சிவப்பு ஒளி பட்டதும் அந்த இடம் இதமாகச் சூடேறியது. காவல் செல்கள் திரண்டன. எதிர்ப்பாற்றல் பதில் வலுவானது. பகைவனின் ஆயுதத்தையே பிடுங்கி அவன் மேல் திருப்புவது போல இது.

கறுத்த தோல் உள்ளவர்கள் விஷயத்தில் எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. வெளுத்த தோலுக்குக் கணக்கிட்ட ஒளி அளவை அப்படியே கறுத்த தோலில் பாய்ச்சினால், மேல்தோல் மெலனினே பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும். மேலே சுட்டுவிடும், கீழே போதாமல் போகும். வெளுத்த தோலினரை வைத்தே சோதனைகள் நடந்தால் அந்த அளவுகள் மற்றவர்களுக்குச் செல்லாது. கறுத்த தோலினருக்கு மெலனோமா வராது என்ற நினைப்பும் தவறு. அவர்களுக்கு அது பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில் வரும். இசைக் கலைஞர் பாப் மார்லிக்கு 1977-ல் கால்விரலில் கண்டுபிடிக்கப்பட்டது இந்த வகைதான். 1981-ல், 36 வயதில், அது பரவி இறந்தார். நகத்தடியில் காரணமில்லாமல் தோன்றி அகலமாகும் கறுப்புக் கோட்டை யாரும் அலட்சியம் செய்யக்கூடாது.

உடம்பெங்கும் பரவிய மெலனோமாவுக்கு ஒளி எப்படி உதவும்? நுரையீரலுக்குள் விளக்கடிக்க முடியாதே?

ஒளி போகாத இடத்துக்கு டி செல் போகும், அதுதான் நம்பிக்கை. ஓரிடத்தில் சிகிச்சை செய்ய வேறிடத்துக் கட்டி சுருங்குவதை மருத்துவர்கள் கதிரியக்க சிகிச்சையில் கண்டிருக்கிறார்கள். 1953-லேயே அதற்கு அப்ஸ்கோபல் விளைவு என்று பெயர் வைத்தார்கள். ஆனால் தானாக நடப்பது மிக அரிது. கட்டிகள் சும்மா இருப்பதில்லை. டி செல்கள் நெருங்கியதும் பிடி-எல்1 என்ற புரதத்தைக் கேடயமாக உயர்த்தி அவற்றை ஓயச் செய்துவிடும்.

டி செல்லை இப்படி நிறுத்திவைக்கும் பிரேக்குகளை விடுவிக்கும் மருந்துகள் ஏற்கெனவே இருக்கின்றன. 2011-ல் இபிலிமுமாப், 2014-ல் பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப். இவற்றுக்கு வழிகோலிய ஜேம்ஸ் அலிசன், தசுகு ஹோஞ்சோ இருவருக்கும் 2018-ல் நோபல் பரிசு கிடைத்தது. முற்றிய மெலனோமாவில் இபிலிமுமாபும் நிவோலுமாபும் சேர்த்து வாங்கியவர்களில் 43 சதவீதத்தினர் பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள். ஒரு காலத்தில் ஓராண்டு தாண்டுவதே கடினமாக இருந்த நோய் இது. ஆனால் அந்தக் கூட்டு மருந்தில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் கடுமையான பக்கவிளைவுகள் வந்தன. குடல், கல்லீரல், தைராய்டு எல்லாம் தாக்கப்படலாம். மருந்துக்கு மசியாத கட்டிகள் பலவற்றில் டி செல்களே நுழைந்திருக்காது. பிரேக்கை விடுவித்து என்ன பயன், ஓட வண்டி வேண்டுமே. அந்த வண்டியை வரவழைக்கத்தான் நானோ துகளும் ஒளியும்.

மனிதர்களிடம் செய்து பார்த்திருக்கிறார்களா?

கொஞ்சம். முற்றிய மெலனோமா உள்ள 11 பேரிடம் இமிகுவிமோட் களிம்பு, கட்டிக்குள் இன்டோசயனின் கிரீன், 805 நானோமீட்டர் லேசர் மூன்றையும் சேர்த்துச் செய்த ஆய்வு 2010-ல் வெளியானது. 6 பேருக்கு முழுமையான பலன் தெரிந்தது. சிறிய ஆய்வு, ஒப்பிட மறுகுழு இல்லை, சாயமும் நானோ துகளில் இல்லை. ஆனாலும் இந்த எண்ணம் மனித உடம்பில் செல்லுபடியாகும் என்று காட்டியது. தங்க ஓடு வைத்த ஒளிவெப்ப சிகிச்சை 16 பேரின் புரோஸ்டேட் கட்டியில் செய்யப்பட்டு 2019-ல் முடிவு வெளிவந்தது. எதிர்ப்புரதத்தோடு (ஆன்டிபாடி) ஒளியூக்கிச் சாயத்தை இணைத்த மருந்துக்கு, தலை, கழுத்துப் புற்றுக்காக, ஜப்பான் 2020-ல் அனுமதி தந்தது. மெலனோமாவுக்கான வழக்கமான சிகிச்சை வரிசையில் நானோ துகள், ஒளி, எதிர்ப்பாற்றல் மூன்றும் சேர்ந்த முறைக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை.

எலியில் இவ்வளவு நன்றாக வேலைசெய்தது மனிதரிடம் ஏன் தாமதம்?

எலியின் தோல் மெல்லியது, கட்டி சிறியது, லேசர் முழுவதும் ஊடுருவிவிடும். செல்களை ஊசியில் ஏற்றி சில நாளில் வளர்த்த கட்டி அது. மனிதரின் கட்டியோ ஆண்டுக்கணக்கில் எதிர்ப்பு மண்டலத்தோடு மல்லுக்கட்டி, அதை ஏமாற்றும் வித்தைகளைக் கற்றுத் தேர்ந்தது. இன்னொரு கசப்பான எண்ணும் உண்டு. பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2016-ல் வெளியான கட்டுரை ஒன்று, ரத்தத்தில் செலுத்திய நானோ துகள்களில் கட்டியைச் சென்றடைவது நடுமதிப்பாக 0.7 சதவீதமே என்று கணக்கிட்டது. தோல் கட்டிக்கு இதில் ஒரு வசதி, துகளை நேராகக் கட்டிக்குள்ளேயே ஊசியால் செலுத்தலாம். என் கருத்தில், இந்தத் துறை முதலில் வெற்றி காணப்போவது அந்த வழியில்தான்.

துகள்கள் உடம்பில் தங்கிவிடுமா?

பொருளையும் அளவையும் பொறுத்தது. ஏறக்குறைய 5.5 நானோமீட்டருக்குக் குறைந்தவை சிறுநீரில் வெளியேறும். பெரியவற்றைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்து வைத்துக்கொள்ளும். பாலிமரும் கொழுப்பும் காலப்போக்கில் சிதைந்துவிடும். தங்கம் சிதையாது, நெடுங்காலம் தங்கலாம். பல ஆண்டுகள் கண்காணித்த பிறகே அதன் பாதுகாப்பை உறுதியாகப் பேச முடியும்.

சிகிச்சையின்போது வலிக்குமா?

ஒளி இயக்க சிகிச்சையில் ஒளி பாயும்போது எரிச்சலும் குத்தலும் இருக்கும். சிலருக்குக் கடுமையாகவே இருக்கும். குளிர்காற்று, மரத்துப்போகும் ஊசி ஆகியவை உதவும். களிம்பு போட்ட இடத்தை இரண்டு நாள் வெயிலிலிருந்து காக்கவேண்டும். ரத்தத்தில் செலுத்தும் பழைய ஒளியூக்கியான போட்டோஃப்ரின் என்றால் குறைந்தது 30 நாள்.

அப்படியானால் வெயிலில் நின்றாலே பலன் கிடைக்குமா?

கிடைக்காது. வெயிலின் புறஊதாக் கதிர் மரபணுவைச் சிதைப்பதோடு, தோலின் காவல் செல்களையும் மட்டுப்படுத்துகிறது. இங்கே நாம் விரும்புவதற்கு நேர் எதிரான வேலை.

மருத்துவர் அறுவை சிகிச்சை என்கிறார். இந்தப் புது முறை வரும்வரை காத்திருக்கலாமா?

தயவுசெய்து காத்திருக்காதீர்கள். ஆரம்பத்திலேயே கண்ட தோல் புற்றை வெட்டி எடுப்பதுபோல் நம்பகமான வழி இன்றும் வேறில்லை. மெலனோமாவில் ஒவ்வொரு மில்லிமீட்டர் ஆழமும் கணக்கு.

ஆய்வுச் சோதனையில் சேர வாய்ப்பு வந்தால் என்ன கேட்கவேண்டும்?

வழக்கமான சிகிச்சையும் கூடவே கிடைக்குமா, அல்லது அதை விட்டுவிட்டு இதற்கு வரவேண்டுமா என்பதுதான் முதல் கேள்வி. துகள் எந்தப் பொருளால் ஆனது, கட்டிக்குள் செலுத்துவார்களா ரத்தத்தில் செலுத்துவார்களா, எத்தனை ஆண்டு கண்காணிப்பார்கள் என்று கேளுங்கள். உங்கள் தோல் நிறத்துக்கு ஒளி அளவை எப்படித் தீர்மானிக்கிறார்கள் என்றும் கேளுங்கள். உங்களுக்குத் தன்னுடல் தாக்கு நோய் இருந்தாலோ, உறுப்பு மாற்று செய்துகொண்டு எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரை சாப்பிட்டாலோ, அதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். எதிர்ப்பு மண்டலத்தை எழுப்பும் சிகிச்சை உங்களுக்கு வேறு விதமான ஆபத்தைத் தரலாம். பணம் கேட்டுச் சேர்க்கும் "சோதனை" என்றால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் பதிவு எண்ணும் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே அடுத்த பேச்சு. ஒப்புதல் படிவத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று படிக்க நேரம் கேளுங்கள். கையெழுத்துப் போட்ட பிறகும், எந்தக் கட்டத்திலும், காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு.